சித்திரக்கடை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு இன்று கொடுக்கப்பட்ட பொருள் "சிறு கைத்தொழில்கள்" என்பது. ஊதுவத்தி, மெழுகுவத்தி, ஊறுகாய் முதலியவற்றைப்பற்றி யான் பேசுவேன் என்று செயலாளர் அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு வாணிகத்தைப்பற்றி என்ன தெரியும் என்று எண்ணுவாரும் இவ்வவையில் இருத்தல் கூடும். அவ்வெண்ணம் பிழையன்று. ஆயினும் ஒரு பிழையைச் செய்து, அதன் வாயிலாக ஒரு தொழிலின் உட்கிடையைச் சிறிது அறிந்துகொண்டேன். பிழையை முதலில் சொல்லி, தொழிலைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு வெளிவந்த நம் ஆண்டு மலரின் அட்டையை நீங்கள் யாவரும் பார்த்திருப்பீர்கள். தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டு, அறுந்த இழையைக் கண்ணருகே பிடித்து முடிகின்ற ஒரு மூதாட்டியின் படம் அது. மலர்க்குழுவில் யானும் ஒருவன். அட்டைப்படம் இன்னும் வரவில்லையென்று அச்சகத்தார் விரைவுபடுத்த, இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்து இணையத்தில் தேடினேன். அப்படம் கண்ணிற் பட்டது, உள்ளத்தைக் கவர்ந்தது, உடனே எடுத்து அனுப்பிவிட்டேன். படத்தின் வலக்கோடியில் சிறிய கையொப்பம் ஒன்று இருந்தது. மலரின் அளவுக்கு ஓரத்தை வெட்டியபோது அதுவும் வெட்டுண்டு போயிற்று. அச்சாகி வந்தபின் பார்த்தால் படம் தெளிவின்றி, கட்டங்கட்டமாக உடைந்து காணப்பட்டது. அச்சகத்தாரைக் கடிந்து பேசினேன். அவர்மேற் குற்றமில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன், அதனையும் சொல்லுவேன்.

பதினைந்து நாள் சென்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் காஞ்சிபுரத்துக்கு அணித்தானதோர் ஊரில் வாழும் நம் குலத்துப் பெண், இருபத்துமூன்று வயதினள், கூலிக்குத் தறி நெய்பவர் ஒருவரின் மகள். "ஐயா அவர்களுக்கு வணக்கம். மலரின் அட்டையில் தறியில் இருப்பவர் என் ஆயா. படம் எழுதியவள் நான். எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்து மகிழ்ந்தோம். என் பெயர் எங்கே என்று அப்பா புரட்டிப் பார்த்தார். சேலையிலும் நம் பெயர் இல்லை, இதிலும் இல்லையா என்று கேட்டார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள் சொல்ல வேண்டும்." கடிதம் இவ்வளவே. சினமொழி ஒன்றும் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவ்வூருக்குச் சென்றேன். தந்தையார் தறியிலிருந்து எழுந்து, "வாங்க வாத்தியாரே" என்று திண்ணையில் பாய் விரித்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகுதான் அப்பெண் தன் கடையை எனக்குக் காட்டினாள்.

கடை என்றால் தெருவில் உள்ளதன்று. தறி நிற்கும் கூடத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை, அதன்மேல் கணினி, பக்கத்தில் வண்ண அச்சுப்பொறி, கட்டிலின் கீழ் தடித்த தாள்கள் ஈரம் படாதபடி பையிலிட்டு வைக்கப்பட்டிருந்தன, சுவரோரம் அட்டைக்குழல்கள் கட்டுக்கட்டாகச் சாய்ந்திருந்தன. அங்காடி முழுவதும் இணையத்தில் இருக்கின்றது. அவள் எழுதிய படங்களை அங்கே வாங்குவோர் பார்க்கின்றனர். பணம் வங்கிக்கு வருகின்றது. இவள் அச்சிட்டு, குழலிற் சுருட்டி, அஞ்சல் நிலையத்துக்கு மிதிவண்டியில் எடுத்துச் செல்லுகிறாள். தறி, இராட்டினம், கோயில் தேர், ஏரிக்கரைப் பனை, கோலமிடும் பெண்கள் ஆகிய இவையே அவள் எழுதும் பொருள்கள்.

நம் முன்னோர் மொழியில் படத்தை வரைதல் என்பதைவிட எழுதுதல் என்பதே பெருவழக்கு. மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்து அங்காடியில் கூடுவோரைக் கூறுமிடத்து, ஆடை விற்போரையும், கண்ணுள் வினைஞர் என்னும் ஓவியரையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேசுகின்றது. அவ்விருவரும் ஒரு வீட்டிற்குள்ளேயே இருக்கக் கண்டேன் என்று சொல்லி மகிழ்ந்தேன். அப்பெண்ணோ, "அந்த ஓவியர்களுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று நூலில் இருக்கிறதா ஐயா?" என்றாள். இல்லை என்றேன்.

அம்மூலையின் சுவரில் ஆங்கிலேயப் படம் ஒன்றின் சிறிய படி ஒட்டப்பட்டிருந்தது. யார் எழுதியதென வினவினேன். வில்லியம் ஹோகார்த் என்றாள். "எங்கள் கடைக்கு அவர்தான் பிள்ளையார்" என்று கூறி நகைத்தாள். வீடு திரும்பியபின் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் சித்திரக்கடை வைப்பார்க்கு வரும் இன்னல்கள் அனைத்தும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்கு வந்துள்ளன.

ஹோகார்த் 1697 இல் இலண்டனில் பிறந்தார். அவர் தந்தையார் இலத்தீன் மொழி ஆசிரியர். கடன்பட்டுச் சிறையும் புகுந்தவர். (மொழியாசிரியர் நிலை எந்நாட்டிலும் ஒருவாறே இருந்திருக்கின்றது போலும்.) மகன் வெள்ளிப் பாத்திரங்களில் பூவேலை செதுக்குவாரிடம் தொழில் பயின்று, பின்னர்ச் செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்சிடத் தொடங்கினார். அக்காலத்தில் படம் விற்போர் என்று தனியே ஒரு வணிகக் கூட்டம் இருந்தது. செதுக்குவோன் தகட்டை அவர்களிடம் ஒரு தொகைக்குக் கொடுத்துவிடுவான். அதன்பின் ஆயிரம் படி அச்சிட்டாலும் ஆதாயம் அவர்களதே. ஒரு படம் நன்றாக விற்றதென்றால் வேறொருவர் அதைப் பார்த்துப் போலித்தகடு செதுக்கிப் பாதி விலைக்கு விற்பார். கேட்பார் இல்லை.

ஹோகார்த் இவ்விடைக்காரரை விலக்க முற்பட்டார். ஒரு பெண்ணின் சீரழிவைக் கூறும் ஆறு படங்களை எழுதிச் செதுக்கினார். செய்தித்தாளில் விளம்பரம் செய்து, தம் வீட்டிலேயே வாங்குவோரின் பெயர்களைப் பதிந்து, ஒரு தொகுதிக்கு ஒரு கினி விலையில் பாதியை முன்பணமாகப் பெற்றார். முன்பணத்துக்கு அவர் கொடுத்த இரசீதே அழகிய சிறு படமாக இருந்தது! 1732 இல் படங்கள் வெளிவந்தன. ஆயிரத்திருநூறு தொகுதிகளுக்குமேல் விற்றன. இப்பொழுது இணையத்தில் முன்பதிவு என்று சொல்லப்படுவது இதுவே. ஆனால் போலிகள் விடவில்லை. குறைந்த விலையில் குவிந்தன.

அடுத்து எட்டுப் படங்கள் கொண்ட தொகுதியை அவர் ஆயத்தம் செய்தார். ஆயத்தம் செய்தும் வெளியிடவில்லை. தம்மையொத்த கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் செய்தார். 1735 இல் செதுக்குவோர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இன்றும் அது ஹோகார்த் சட்டம் என்றே வழங்கப்படுகின்றது. வெளியிட்ட நாள்முதல் பதினான்கு ஆண்டுகள் வேறெவரும் படியெடுத்தல் கூடாது. படந்தோறும் உரியவர் பெயரும் நாளும் பொறிக்கப்பட வேண்டும் என்பன அதன் விதிகள். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூன் மாதம் வரையில் காத்திருந்தே தம் எட்டுப் படங்களையும் அவர் வெளியிட்டார். அதற்குள்ளும் அவர் வீட்டுக்கு ஆட்களை அனுப்பி, சுவரில் தொங்கிய மூலப்படங்களை நினைவில் வாங்கிவந்து போலி செய்தவர்கள் இருந்தார்கள். ஹோகார்த் சும்மா இருக்கவில்லை. ஏழைகளும் வாங்கும்படி சிறிய படிகளைத் தம் ஒப்புதலுடன் வேறொரு கடைக்காரரைக் கொண்டு அரைக்கிரௌன் விலையில் விற்கச் செய்து, போலிகளின் விலையோடு போட்டியிட்டார்.

தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதி இனித்தான் வருகின்றது. 1764 இல் ஹோகார்த் காலமானார். அவர் வைத்துப்போன சொத்துகளில் தலையாயவை செப்புத்தகடுகளே. அவற்றை விற்கவில்லை, எவருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. அவர் மனைவியார் ஜேன் அம்மையார் அத்தகடுகளைக்கொண்டு அதே வீட்டிலிருந்து கடையை நடத்தினார். 1767 இல் சட்டம் திருத்தப்பட்டபோது, பொதுவான காலம் இருபத்தெட்டு ஆண்டாக நீட்டப்பட்டதுடன், அவ்வம்மையாருக்கென்றே தனியாக இருபது ஆண்டு உரிமை வழங்கப்பட்டது. 1789 இல் அவர் இறந்தார். கணவரின் தகடுகள் இல்லத்தில் இருந்தமையால் அக்கைம்பெண்ணுக்குத் தொழில் இருந்தது. கூலிக்குச் செதுக்கிக் கொடுத்திருந்தால் என்ன இருந்திருக்கும்? நம் தறிக்குழிகளை எண்ணிப் பாருங்கள். நூல் முதலாளியுடையது, பாவு முதலாளியுடையது, சேலையும் அவருடையது, நெய்தவன் கண்மூடியபின் அவன் மனைவிக்கு எஞ்சியது பழைய தறிச்சட்டம். கட்டத்தாளில் பூவையும் அன்னத்தையும் எழுதி, அட்டையில் துளையிட வழிசெய்து கொடுத்தவனுக்கும் ஒருமுறைக் கூலியே. அவன் எழுதிய அன்னம் எத்தனை ஆயிரம் சேலைகளில் நீந்தியதென்று அவனுக்கே தெரியாது.

நிற்க. நம் நாட்டுச் சட்டத்தைப்பற்றி யான் அறிந்த அளவிற் சொல்லுகின்றேன். வழக்கறிஞர்கள் அவையில் இருக்கின்றார்கள், குறையிருப்பின் திருத்துக. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தாமே எழுதிய படத்தின் உரிமை எழுதிய அக்கணமே அவருக்கு உண்டாகிவிடுகின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று; வழக்கு வருங்கால் சான்றாக உதவும். வாழ்நாள் முழுவதும், அதன்பின் அறுபது ஆண்டும் அவ்வுரிமை நிலைக்கும். இணையத்தில் கிடக்கின்றது ஆகையால் உடையவர் இல்லாதது என்று யான் எண்ணியது அறியாமை. சாலையோரத்தில் உலர்த்திய பாவை யாரும் சுருட்டிக்கொண்டு போவதில்லை அல்லவா?

ஆனால் இளைஞர் பலர் அறியாத நுட்பம் ஒன்று அதில் உளது. பிறர் சொல்ல, பொருள் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுக்கும் ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எழுதச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகின்றார். இப்பெண்ணுக்கு அது நேர்ந்தது. கடை தொடங்குமுன் ஒரு வணிக நிலையத்தார்க்கு நாட்காட்டிக்காக நீர்வண்ணத்தில் பன்னிரண்டு படங்கள் எழுதிக்கொடுத்தாள். வாய்ச்சொல்லே உடன்படிக்கை. பின்னாளில் அவற்றுள் ஒன்றைத் தன் கடையில் விற்பனைக்கு வைத்தபோது, அந்நிலையத்தார் எடுத்துவிடும்படி எழுதினர். அவர்கள் சொன்னது சட்டப்படி சரியே. ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் பன்னிரண்டு படமும் அவளிடம் இருந்திருக்கும். இன்று அவள் எவருக்கு எழுதினாலும், எதற்காக, எத்தனை படி, எத்தனை ஆண்டு என்று எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்னரே தூரிகையைத் தொடுகின்றாள். உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் அது எழுத்திலேயே இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்று சட்டம் கொள்ளும். உரிமையை விற்றபின்னும், "இது நான் எழுதியது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரை விட்டு நீங்குவதில்லை. யான் மலரின் அட்டையில் வெட்டி எறிந்தது அதனைத்தான்.

தகட்டைக் கையில் வைத்துக்கொள்ளுதல் என்பது இக்காலத்தில் எவ்வாறு எனின், அதனையும் அவள் விளக்கினாள். ஏ4 தாளில் தெளிவாக அச்சாவதற்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், அகலத்தில் 2480 புள்ளியும் உயரத்தில் 3508 புள்ளியும் வேண்டும். அப்பெரும்படியை அவள் தன் கணினியிலும், தனியாக ஒரு வட்டிலும் மட்டுமே வைத்திருக்கின்றாள். இணையத்தில் இடுவது மிகச் சிறிய படி. திரையில் அழகாகத் தோன்றும், அச்சிட்டால் உடையும். நம் மலரின் அட்டை உடைந்தது அதனாலேயே. அச்சகத்தாரிடம் நேரிற் சென்று வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். திரையின் நிறம் ஒளியாலாகியது, தாளின் நிறம் மையாலாகியது. ஆதலின் திரையில் ஒளிரும் மயிற்கழுத்துப் பச்சை தாளில் மங்கிவிடும். அதற்காக ஒவ்வொரு படத்தையும் நாலைந்து முறை அச்சிட்டுப் பார்த்து நிறத்தைச் சீர்செய்கின்றாள். சாயப்பட்டறை அறிந்த நமக்கு இது புதிதன்று.

விலைக்கணக்கையும் மறைக்காமற் சொன்னாள். ஒரு படம் ரூ. 450. தாளும் மையும் ரூ. 80; குழலும் மேலுறையும் ரூ. 40; அஞ்சலுக்கு ஏறக்குறைய ரூ. 60, பணம் வாங்கித்தரும் நிறுவனத்துக்கு ரூ. 10. நின்றது ரூ. 260. ஆனால் அப்படத்தை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. ஐம்பது படி விற்றால்தான் நாட்கூலி கட்டும் என்றாள். முதல் மூன்று மாதத்தில் விற்றவை மொத்தம் பதினொன்று. அவற்றுள் நான்கை உறவினர் வாங்கினர். இப்போது நல்ல மாதத்தில் நாற்பது வரை செல்கின்றது, நவராத்திரியை ஒட்டி அதனினும் கூடும், கோடையில் இறங்கிவிடும். கோடைக்கென்று புரட்டாசி வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கின்றாள். இத்தொழிலால் மாடிவீடு கட்டலாம் என்று யான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வாரை நம்பாதீர்கள்.

இடம் எது என்பதும் ஒரு வினா. பெரிய இணையச் சந்தைகள் பல உண்டு. எட்ஸி என்பது 2005 இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் கைவினைஞர்க்கென்று தொடங்கியது. 2022 ஏப்ரலில் அது தன் விற்பனைத் தரகை நூற்றுக்கு 5 இலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. அதனை எதிர்த்து ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்கள் ஒருவாரம் கடையடைப்புச் செய்தனர். தரகு குறையவில்லை. பிறர் சந்தையில் கடை போட்டால் கூட்டம் வரும். வாடகையை நிறுவுபவர் அவர். இப்பெண் சந்தையிலும் சில படங்களை வைத்திருக்கின்றாள். ஆயினும் தன் பெயரில் ஓர் இணைய முகவரியை ஆண்டுக்கட்டணம் செலுத்தி வைத்து, வாங்கியவர்களை மெல்ல அங்கே அழைத்துக்கொள்கின்றாள். அவர்கள் இசைவோடு அவர்தம் பெயரையும் முகவரியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கின்றாள். ஹோகார்த் தம் வீட்டு வாயிலில் பொன்முலாம் பூசிய தலை ஒன்றை அடையாளமாக வைத்திருந்தாராம். அது போன்றதே இம்முகவரியும். வரிவிதியையும் கேட்டறிந்து கொள்க. வரம்புக்குட்பட்ட சிறு வணிகர், 2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி பதிவின்றி ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்றுத் தம் மாநிலத்துக்குள் இத்தகைய சந்தைகளில் பொருள் விற்கலாம். வெளிமாநிலத்துக்கு என்றால் விதி வேறு. நம் குலத்துக் கணக்கர்கள் இதற்குக் கட்டணம் வாங்காமல் வழிசொன்னால் நன்று.

இனி நம் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லுகின்றேன். அவ்வூரிலிருந்து திரும்பி, அப்பெண்ணுக்குரிய பணத்தைச் சங்கம் கொடுக்க வேண்டும் என்று மலர்க்குழுவில் கூறினேன். "நம் வீட்டுப் பெண்தானே, நம் சங்கத்து மலருக்குக் காசு கேட்பாளா?" என்றார் ஒரு பெரியவர். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னார். யான் அவரைக் கேட்டேன்: மலருக்குத் தாள் கொடுத்தவர் நம்மவர், அவருக்குப் பணம் கொடுத்தோம்; பந்தலிட்டவர் நம்மவர், கொடுத்தோம்; சமைத்தவர்க்குக் கொடுத்தோம். படம் எழுதினவள் மட்டும் எப்படி நம் வீட்டுப் பெண் ஆனாள்? நம்மவர் என்று சொல்லித்தானே நம் முதலாளிமார் பலர் நம் தறிகளுக்குக் கூலியைக் குறைத்தனர்? அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவளே கேட்கட்டும், பார்ப்போம்" என்றார்.

அவளை வாய்திறந்து கேட்கச் செய்வதுதான் அரிதாயிருந்தது. "பெயர் போட்டால் போதும் ஐயா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். தந்தையார் தறியில் இருந்தபடியே, நாடாவை நிறுத்தாமல், "எழுதிக் குடு" என்று ஒரு சொல் சொன்னார். எழுதினாள்.

பட்டியல் ரூ. 3,000 க்கு வந்தது. பிழை என்னுடையதாகையால் பாதியை யான் கட்டினேன். மீதியைச் சங்கம் கொடுத்தது. இத்திங்கள் நம் இதழில் அப்படம், அவள் தானே அனுப்பிய பெரும்படியிலிருந்து, வெட்டாமல், கையொப்பத்தோடு அச்சாகின்றது. அவள் கொடுத்த இரசீதில், "ஆண்டு மலரில் வெளியிட்டமைக்கும், மாத இதழில் ஒருமுறை அச்சிடுவதற்கும் மட்டும், வேறு பயனுக்கு மறுபடியும் கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கின்றாள். பொருளாளர் அதனைக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கின்றார். அடுத்த ஆண்டு மலர்க்குழுவில் இருப்போர் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.